பெல்ட் ஓடுது என்று காட்டிய கை

என் வீட்டுக்காரருக்குக் கார் ரேஸ் என்றால் உயிர். எனக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனாலும் இரண்டு வருடமாக எங்கள் குவார்ட்டர்ஸில் ரேஸ் வர்ணனை நான்தான். வாயால் இல்லை, கையால்.

அவருக்கு மைன்ஸில் கரி போகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அந்த இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. அங்கே பேச்சு எடுபடாது, ஆட்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தலைக்கு மேல் கையைச் சுழற்றினால் பெல்ட் ஓடுகிறது. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தால் நின்றுவிட்டது. அதை எனக்கும் பழக்கியிருந்தார். பெல்ட் கிளம்புமுன் ஊதுகிற சைரன்கூட இப்போது அவருக்குக் கேட்பதில்லை. கூட நிற்பவர் கை காட்டுவதை வைத்துத்தான் ஷிப்டை ஓட்டுகிறார். அடுத்த வாரம் மெடிக்கல். ஹெட்போனில் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டுமாம். கேட்காவிட்டாலும் குத்துமதிப்பாக அமுக்கிவிடலாம் என்று இருந்தார். காது கேட்காதது தெரிந்தால் பெல்ட் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் நல்லதா கெட்டதா என்றே எனக்கு விளங்கவில்லை.

டிவியில் வர்ணனை இங்கிலீஷ். என் பிளஸ் டூ படிப்பு அதற்குப் போதும் என்பது அவர் நம்பிக்கை. வர்ணனையாளரோ வாயில் சுடுசோறு போட்டவர் மாதிரி கத்துவார். முன்னால் போகிற கார் கடைசி என்பார், பின்னால் வருவது முதல் என்பார். ஒருமுறை விபத்து நடந்து கார்களெல்லாம் மெதுவாகப் போக, நான் கைகளைக் குறுக்கே வைத்துவிட்டேன். ரேஸே நின்றுவிட்டதென்று இவர் டிவியை அணைத்துவிட்டு மந்தாரக்குப்பம் கடைக்குப் போய்விட்டார். ரேஸ் நிற்கவேயில்லை என்று பிறகு தெரிந்ததும் மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் முடிந்து அடுத்த சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இவருக்குப் பிடித்தவர், இருப்பதிலேயே வயதான டிரைவர். அவருக்கு அடுத்த வருடம் இடமில்லை, சின்னப் பையன் ஒருவன் வருகிறான் என்றார்கள். அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"நம்மாளு அடுத்த வருஷம் ஓட்டுறாரா?" என்று கேட்டார்.

நான் கையைத் தலைக்கு மேல் சுழற்றினேன்.

சிரித்தார். பிறகு திரையின் அடியில் ஓடிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இல்லன்னு போட்டுக்கினு இருக்கான். நீ ஏன் ஓடுதுன்னு காட்டுன?"

வருத்தப்படுவீர்களே என்றுதான், என்றேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அங்க ஒருத்தரு ஒரே ஒருவாட்டி இப்புடித் தப்பாக் காட்டுனா, என் கதி என்னா?"

இத்தனை நாள் அதை நினைக்காமலே சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மெடிக்கலில் கேட்காத சத்தத்துக்குப் பட்டனை அமுக்கப் போவதில்லை என்றார். பிறகு என் கைகளையே பார்த்துக்கொண்டு, "சொல்லு, இனிமே பெல்ட்டுல என்னய வுடுவாங்களா?" என்றார்.

டிவியில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தேன். அவர் தலையாட்டினார். இரண்டு வருடத்தில் நான் சொன்ன வர்ணனையில் அது ஒன்றுதான் தப்பில்லாதது.