மாமியாரின் பீங்கான் கோப்பை

விமான நிலையத்தின் தனியார் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். மாமியார் என்று கேட்டால் பெட்டி தூக்குகிறவர்கூட அறையைக் காட்டிவிடுவார். மாமியார் ஆகிற வயதும் அவளுக்கு இல்லை, மருமகனும் இல்லை. இருந்தது பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். பெயர் வைத்தவர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த ராணுவக் குமாஸ்தா. அவர் சொல்லும் அனுமதி எண்ணை அவள் திருப்பிப் படிப்பாள், பிறகு அவரைப் படிக்கச் சொல்வாள், அதற்கும் பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு தடவை. "வந்துட்டாங்கய்யா மாமியார்" என்று அவர் ஒருநாள் பக்கத்து மேசைக்காரரிடம் அலுத்துக்கொண்டது இவள் காதில் விழுந்துவிட்டது. "மாமியாராவே இருந்துட்டுப் போறேன். எண்ணைச் சொல்லுங்க" என்றாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

பணக்காரர்களின் சொந்த விமானங்கள் கிளம்புவதற்கு முன் எங்கிருந்து எங்கே, எந்த வழி, எந்த உயரம், உள்ளே எத்தனை பேர் என்று பறப்புத் திட்டம் எழுதிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலை. சாதாரணப் பாதை என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவளுடைய முதலாளி, உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, ராணுவம் பீரங்கி சுட்டுப் பழகும் மலையடிவாரத்தில் போய்த் தொழிற்சாலை கட்டியிருந்தார். அவருடைய ஓடுபாதை தடை செய்யப்பட்ட வானத்துக்கு நட்டநடுவில் இருந்தது. சுற்றிப் போக வழியே கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் ராணுவம் புதிதாக ஓர் எண் தரும். அந்த எண் திட்டத்தில் இருந்தால்தான் மேலே வருகிறவன் தெரிந்த ஆள் என்று கீழே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எண் வரத் தாமதமானால் அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போன பயணத்தின் எண்ணையே போட்டு அனுப்பிவிடுவார்கள். விமானம் மேலே ஏறிய பிறகு புது எண் வந்ததும் திருத்திக்கொள்வார்கள். எண் இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறை பார்க்கும், எந்தப் பயணத்தின் எண் என்று பார்க்காது. அந்தத் தடை வானத்தில் பறக்கிற எல்லாக் கம்பெனிகளிலும் இதுதான் நடந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்வார்கள். மாமியாருக்கு அந்த வித்தை பிறவியிலேயே வாய்க்கவில்லை. வகுப்பு மொத்தமும் பார்த்து எழுதிய பரீட்சையில் தனியாகச் சொந்தப் புத்தியில் எழுதி ஃபெயிலானவள் அவள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஆள் அதிகமா ஏறினா லிஃப்ட் கதவு மூடாது. உள்ள நிக்கிறது யாருன்னு அது பாக்குமா? நீ பாட்டுக்கு இரு" என்பார். வீட்டில் அந்த ஒரு பலம் இருந்தது. பலவீனமும் ஒன்று இருந்தது, தம்பி. அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன், இப்போது முதலாளியின் விமானத்தில் துணை விமானி.

அன்று காலை முதலாளியை மலையடிவாரத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் வரவில்லை. ராணுவக் குமாஸ்தாவுக்கே அவருடைய அதிகாரியிடமிருந்து கையெழுத்து வரவில்லை. மேனேஜர் அறைக்குள் வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"போன தடவை நம்பரைப் போட்டு அனுப்பும்மா."

"அது போன தடவை போன பயணத்துக்கு, சார்."

"எல்லாரும் பண்றதுதானே?"

"அப்ப எல்லாரும் வந்து அனுப்பட்டும்."

மேனேஜர் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் தம்பி நின்றான். ஆளைப் பார்த்து அம்பைத் தேர்ந்தெடுக்க மேனேஜருக்குத் தெரியும்.

"அக்கா, இந்த ஒரு தடவைதான்" என்றான் தம்பி. "இந்தப் பயணம் முடிஞ்சதும் என்னைக் கேப்டனா போடறேன்னு முதலாளி சொல்லியிருக்கார். கெடுத்துடாதே."

கேப்டனின் அந்த நான்கு கோட்டுத் தோள்பட்டைக்காக அவன் என்ன பாடுபட்டான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"தெரியாத ஆள்னு நெனச்சு உன்னைச் சுட்டாங்கன்னா, நம்பர் அப்புறமா வரும்னு அவங்களுக்கு யாருடா போய்ச் சொல்றது?" என்றாள்.

"இதுவரைக்கும் யாரையாவது சுட்டிருக்காங்களா?"

"முதல் ஆளா நீ இருக்கவேண்டாம்."

தம்பி கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனான். மேனேஜர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அவள் பெயரிலேயே திட்டத்தைத் தட்டி, பழைய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். மாமியார் அவர் கண்ணெதிரிலேயே தொலைபேசியை எடுத்தாள்.

"கட்டுப்பாட்டு அறையா? என் பேர்ல ஒரு பிளான் வந்திருக்கும். நான் அனுப்பலை. ரத்து பண்ணிடுங்க."

ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்த விமானம் பாதி வழியில் நின்றது.

கதை கேட்கிற நமக்கு ஒரு ஆசை இருக்கும். அன்றைக்கென்று மலையில் குண்டுகள் பறந்திருக்க வேண்டும், முதலாளி ஓடி வந்து அவள் கையைப் பிடித்து அழுதிருக்க வேண்டும். அப்படி ஒரு மண்ணும் நடக்கவில்லை. மலையில் அன்று பீரங்கியின் உறையைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் எண் வந்தது, விமானம் போனது, காத்திருந்து சலித்த விருந்தாளிகள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"பாத்தியா? ஒண்ணும் நடக்கலை" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே சார் எனக்குச் சம்பளம்?"

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கூடத்தில், பயணிகள் காத்திருக்கும் இடத்தில், காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கட்டடம் அன்று மாலைக்குள் ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்துவிட்டது. தம்பியின் கேப்டன் பதவி தள்ளிப்போனது. அவன் அவளிடம் பேசுவதை நிறுத்தினான். காப்பி வேண்டுமென்றால் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனான். மற்றதெல்லாம் அவளைத் தொடவில்லை, இது மட்டும் வலித்தது. மகளின் தலையை வாரிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

அழுதாளே தவிர அடங்கவில்லை. காப்பிக்கு வருகிற ஒவ்வொரு விமானியிடமும் முதல் கேள்வி, "நம்பர் வந்துச்சா?" வந்தவருக்குக் காகிதக் கோப்பை, கையில் பிடித்துக்கொண்டு கிளம்பலாம். வராதவருக்குச் சாசரோடு பீங்கான் கோப்பை. "உக்காந்து குடிங்க. எங்க போகப் போறீங்க?" மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். "காப்பி போடறவ எந்தக் கோப்பையில ஊத்தணும்னு சட்டம் இருக்கா, சார்?" என்று கேட்டாள். இல்லைதான். விமானிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு, பீங்கான் கையில் வந்துவிடுமோ என்று ஆமாஞ்சாமியிடம் எண்ணை விசாரித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். சிலர் காப்பியே வேண்டாமென்று நழுவினார்கள்.

மழை முடிந்த ஒரு காலையில் முதலாளி கூடத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவர் பக்கத்தில் குனிந்தபடி நின்றார். உள்கதவு திறந்தது, தம்பி வந்தான். தோளில் நான்கு கோடு, புத்தம் புதிது. பழைய கேப்டன் ஓய்வு பெற்றதால் வேறு வழியில்லாமல் கிடைத்தது. இன்று முதல் பயணம். மாமியார் அந்தக் கோடுகளைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டு காப்பி மேடையைத் துடைத்தாள்.

அவன் நேராக அவளிடம் வந்தான். தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தான்.

"அக்கா, ஒரு காப்பி."

எத்தனை நாளாகக் கேட்காத குரல். ஆனாலும் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நம்பர் வந்துச்சா?"

"வரலை" என்றான், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "போன தடவை நம்பரைப் போட்டுப் பிளான் அனுப்பியிருந்தாங்க. நான் ரத்து பண்ணிட்டேன்."

மேனேஜரின் முதுகு நிமிர்ந்தது. முதலாளி எழுந்துகொண்டார்.

"கிளம்பலாம் கேப்டன். நேரமாச்சு."

"நம்பர் வரட்டும், சார்" என்று சொல்லிவிட்டுத் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உங்கக்கா நிக்கிற இடத்தைப் பாத்தீங்கல்ல?" என்றார் முதலாளி.

"பாத்துட்டுத்தான் சார் உக்காந்திருக்கேன்."

மாமியார் பீங்கான் கோப்பையை எடுத்தாள். காப்பியைத் தம்பியின் முன்னால் வைத்தாள். அலமாரியிலிருந்து இன்னொரு பீங்கான் கோப்பையை எடுத்துத் துடைத்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு, சார்?"