இந்த வாரம் எங்கே போகலாம்

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குள் நான் அந்தப் பட்டியலை அனுப்பிவிட வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்த வாரக் கடைசியில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியல். ஓவியக் கண்காட்சி, நாட்டியம், கூத்து, பட்டிமன்றம், பள்ளிக்கூட நாடகம், தர்காவில் சந்தனக்கூடு என்று எது நடந்தாலும் எனக்குத் தகவல் வந்துவிடும். முதலில் எங்கள் ஊர் இலவச வார இதழில், நகைக்கடை விளம்பரத்துக்கும் முந்திரிக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் அது வந்துகொண்டிருந்தது. பிறகு அச்சு நின்றுபோய் வாட்ஸப்பில் மட்டும் போக ஆரம்பித்தது. வாட்ஸப்புக்கு மாறிய பிறகுதான் படிக்கிறவர்கள் அதிகமானார்கள்.

அவர்கள் என்னை ஊர் சுற்றுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு இன்னா மேடம், வாரா வாரம் கச்சேரி, கண்காட்சி" என்று பெயர் தெரியாத ஒருவர் ஒருமுறை எழுதியிருந்தார். கை கூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுப் போய்ச் சோற்றை வடித்தேன். பட்டியல் எழுத ஆரம்பித்து நாலு வருடம் ஆகியிருந்தது. அதில் இருந்த ஒரு நிகழ்ச்சிக்கும் நான் போனதில்லை.

என் கணவர் சவுதியில் பதினெட்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். இனிப் போகவேண்டாம் என்று முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது நாங்கள் கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்து கட்டிலைத் தொட்டது. "மாடி வூடாப் பாப்போம், இனிமே தண்ணிக்குப் பயந்து சாவ முடியாது" என்று சொன்னவர் அவர்தான். இரண்டாம் மாடியில் இந்த வீட்டைப் பிடித்தோம். குடிவந்த ஐந்தாம் மாதம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ செய்யப் போனவர் குழாயடியிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கொஞ்சம் குழறலோடு.

கீழே இறங்க முப்பத்திநாலு படி. லிஃப்ட் கிடையாது. முதல் வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு பேர் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் திருப்பத்தில் நாற்காலி சரிந்து, விழாமல் சுவரில் இடித்து நின்றது. அன்றைக்கே சொல்லிவிட்டார், இனி இறங்க மாட்டேன் என்று. பிஸியோதெரபி செய்கிறவரும் டாக்டரும் வீட்டுக்கு வந்துபோக ஏற்பாடு செய்தோம். மகள் சென்னையில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நானும் இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவேன். தேரோட்டத்தன்று மொட்டைமாடிக்கு ஓடிப்போய், வீடுகளுக்கு மேலே தேரின் உச்சி நகர்வதைப் பார்த்துவிட்டு, அவர் கூப்பிடுகிறாரோ என்று பாதியிலேயே இறங்கி வந்துவிடுவேன். பெரும்பாலும் அவர் கூப்பிட்டிருக்க மாட்டார்.

அதற்கு முன் நான் ஒரு டிடிபி சென்டரில் தமிழ் டைப் செய்துகொண்டிருந்தேன். அதன் முதலாளிதான் அந்த இதழையும் நடத்தினார். நான் வேலைக்கு வர முடியாமல் போனதும், "வூட்ல இருந்தே இத மட்டும் பண்ணுங்கக்கா" என்று இந்தப் பக்கத்தைக் கொடுத்தார்.

போனில்தான் எல்லாம். நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று போகப்போகக் கற்றுக்கொண்டேன். பந்தல் உண்டா, உட்கார நாற்காலியா, ஜமுக்காளமா, குடிக்கத் தண்ணீர் வைப்பீர்களா, பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்குமா. "ஆறு மணி என்று போட்டிருக்கிறார்கள், ஏழுக்குப் போனால் போதும்" என்று எழுதுவேன். "இரண்டாவதாக ஆடப்போகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்காகவாவது சீக்கிரம் போங்கள்" என்று எழுதுவேன். போய்ப் பார்த்தவள் எழுதியது போலவே இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வயதான அம்மாவின் குரல். சிதம்பரத்தில் ரிட்டயரான டீச்சராம். என் பட்டியலைப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் தன் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலூரில் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு வந்திருக்கிறார். கணவர் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மூன்று மாதமாக எங்கேயும் போகாத மனிதர் அன்றைக்குத் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"மாடியிலங்க கண்காட்சி. பதினாறு படி. நீங்க 'எல்லாரும் போகலாம்'னு போட்டிருந்தீங்க."

"மன்னிச்சுக்குங்க டீச்சர். அவுங்க சொல்லல."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லீங்க" என்றேன்.

"படி இருக்கான்னு கேக்கணும்னுகூடவா தோணல?" அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. களைத்துப்போன குரல். "அவரு கார்லயே உக்காந்திருக்காரு. நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரணுமாம். எப்படிங்க போவேன்?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். நாற்காலி உண்டா, தண்ணீர் உண்டா என்று நூறு பேரிடம் கேட்டிருக்கிறேன். படி உண்டா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என் வீட்டிலேயே படி இறங்க முடியாத ஒருவர் இருக்கிறார். அவர் இனி எங்கேயும் போகப்போவதில்லை என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன் போலிருக்கிறது. எந்த நாளில் அப்படி முடிவு செய்தேன் என்று யோசித்தேன். தெரியவில்லை.

அன்றிலிருந்து படியைப் பற்றிக் கேட்டேன். பல பேருக்கு அது புரியவே இல்லை. "படி இல்லாம எப்படிங்க மேடை?" என்றார் ஒருவர். இரண்டு மாதம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூத்து போடுவதாகச் சொன்னார்கள். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. மண்டபம் தரைமட்டம், படியே கிடையாது என்றார்கள். எனக்கு அதை நம்ப முடியவில்லை. கண்ணால் பார்க்காமல் இனி எழுதக்கூடாது என்று இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். "மச்சான், தம்பியையும் அவங்க ஆளு ஒருத்தரையும் கூப்புட்டு மெதுவா எறங்குவோமா? கார் வச்சுக்கலாம்."

தம்பி என்று நான் சொன்னது முதல் மாடியில் குடியிருக்கும் பையனை. கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. எனக்குப் பையன்தான். காடாம்புலியூர்க்காரன், பலா, முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம், இவன் மட்டும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான்.

"நான் வரல. நீ போ" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க இல்லாம நான் எப்படிப் போறது?"

"போன்னு சொல்றேன்ல."

இதை வாசலில் நின்றிருந்த அந்தத் தம்பி கேட்டுவிட்டான். "எனக்கு அன்னிக்கு ஆஃப்தான்க்கா. பாய நான் பாத்துக்குறேன். போய்ட்டு வாங்க."

மாத்திரை, தண்ணீர், எப்போது திருப்ப வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். பாத்ரூமைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அதற்கு அவர் வேறு யாரையும் விடமாட்டார், நான் வரும்வரை அடக்கிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவலையோடுதான் பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் உண்மையிலேயே படி இல்லை. வாசலில் நின்று இரண்டு முறை பார்த்தேன். பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டார்கள். திரைக்கு மேலே ராஜா வேடத்தின் கிரீடம் தெரிந்தது, கீழே சலங்கை கட்டிய கால்கள். ஆர்மோனியமும் மத்தளமும் ஒன்றையொன்று துரத்தின. கட்டியங்காரன் யாரய்யா உள்ளே என்று கேட்டு வம்பிழுக்க, சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். திரை விலகப்போகிற நேரத்தில் மூன்றே முக்கால் ஆகியிருந்தது. நாலு மணிக்கு அவருக்குப் பாத்ரூம் போக வேண்டும். வெளியே வந்து போன் போட்டேன்.

தம்பி எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஐந்து முறை போட்டேன். அவருடைய போனையும் யாரும் எடுக்கவில்லை.

கூத்து அதோடு போயிற்று. ஓடிப்போய்க் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். நிற்கத்தான் இடம். சிப்காட் நெருங்கும்போது முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது என்றார்கள். பஸ் அசையவில்லை. ஜன்னல் வழியாக மருந்து நெடி வந்தது. முன்னாலும் பின்னாலும் ஆட்கள். கையை மேலே கம்பியிலிருந்து எடுக்க முடியவில்லை, போனை எடுக்க முடியவில்லை. இறங்கி மட்டும் என்ன செய்வது? அவர் கீழே விழுந்து கிடப்பதாகவும், அந்தப் பையன் அழுதுகொண்டு நிற்பதாகவும் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். பஸ் நகர முக்கால் மணி நேரம் ஆனது.

வீட்டுப் படியில் ஏறும்போது மேலே சத்தம் கேட்டது. முதல் மாடி வந்ததும் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு. அவருடைய சிரிப்பு. குழறலோடு கத்திக்கொண்டிருந்தார், "போடா, அது என் காயின்டா!"

கதவு திறந்திருந்தது. கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு ஸ்டூல் போட்டு, மேலே கேரம் போர்டு. போர்வை முழுக்கப் பவுடர். அவர் முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய் ஊறிய பேப்பரில் பஜ்ஜி. டாக்டர் கூடாது என்றது. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"அதுக்குள்ளயா வந்துட்ட?" என்றார்.

தம்பி எழுந்துவிட்டான். "போன் கீழ சார்ஜுல கெடக்குதுக்கா. பாய் போன் சைலண்ட்ல இருந்திருக்கும் போல. ரொம்ப நேரம் அடிச்சீங்களா?"

நான் அவரைத்தான் கேட்டேன். "பாத்ரூம் போனீங்களா?"

"போனேன். தம்பி புடிச்சுக்கிட்டான்."

தம்பி போர்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனான். நான் போர்வையை உதறினேன். வேறு யாரையும் விடமாட்டேன் என்று அவர் சொன்னது முதல் மாதம், உடம்பு புதிதாக விழுந்த நேரத்தில். அதற்குப் பிறகு நான் அவரிடம் திரும்பக் கேட்டதே இல்லை.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "நான் வந்தது உங்களுக்குப் புடிக்கலயா?"

அவர் இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு பேசினார். வார்த்தை வார்த்தையாக வந்தது. "ஒரு தடவ இருமுனா ஓடியார. தூங்குறேனான்னு வந்து பாக்குற. கண்ண மூடிக்கிட்டுதான் படுத்திருக்கேன், ஆனா நீ நிக்கிறது தெரியுது. நாலு வருஷம் ஆச்சு. நிம்மதியா இருமக்கூட முடியலடி."

"உங்களுக்காகத்தானே..."

"தெரியும். அதான் சொல்ல முடியல." பிறகு, "நீ வெளிய போனாதான் எனக்கும் கொஞ்சம் வெளிய போன மாதிரி இருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருடத்தை எடுத்து அவர் என் முன்னால் போட்டுவிட்டது போலிருந்தது. நான் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடைத்து வைத்திருப்பவளும் நான்தான் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு அவருடன் நான் அதற்குமேல் பேசவில்லை. மறுநாளும் சரியாகப் பேசவில்லை.

பிறகு பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. முப்பத்திநாலு படியும் அப்படியே இருக்கிறது. அவர் இன்னும் கீழே இறங்கவில்லை. தண்ணீர் ஏறாத தெருவாகப் பார்த்துக் கீழ்வீடு தேடுகிறோம், அமையவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தம்பிக்கு ஆஃப் கிடைக்கிற நாளில், நான் மதியம் வெளியே போகிறேன். முதல் தடவை எங்கே போவது என்று தெரியாமல் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகளின் பறையாட்டம் பார்த்தேன். முதல் வரிசை. மணி பார்க்கக் கை போனது. பையைத் திறக்காமல் இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பிள்ளைகள் வட்டம் போட்டுச் சுற்றினார்கள், புழுதி கிளம்பி என் முக்காட்டில் படிந்தது. கடைசி அடிவரைக்கும் இருந்தேன். கைதட்டினேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கால் மரத்துப்போய், எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை. "டீ போடு" என்றார். போட்டேன்.