அனிலின் அறையின் ஜன்னல்

இது நிஜமாக நடந்தது. பட்டப்பகலில், எனக்கே நடந்தது. கதை கட்டுகிறாள் என்று சொல்பவர்கள் டெமா நகருக்கு வந்து அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சாயத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்து எனக்கு அது நான்காவது நாள், சனிக்கிழமை. அனிலின் என்ற சாய எண்ணெயின் பரப்பு இழுவிசையை அளக்க வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதை ஏற்றி, வடிந்து முடியும்வரை எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுவதுதான் முறை. மூன்று தடவையும் ஒரே எண் வர வேண்டும். காற்று பட்டால் சொட்டு முன்னதாகவே விழுந்துவிடும். அதனால் விசிறி கிடையாது, ஜன்னலும் திறக்கக் கூடாது. அனிலின் ஆவி நஞ்சு. அது மேலாளர் அங்கோமாவுக்கு நன்றாகவே தெரியும்.

“மூணு மணிக்குள்ள எண்ணு வரலைன்னா திங்கக்கெழம நீ வர வேணாம், டூஃபி.”

சொல்லிவிட்டு, கென்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனுமாக ஏ.சி. அறைக்குள் புகுந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் ஐந்து பேருக்கு என் சம்பளம்தான் சோறு.

2.10. முதல் தடவை.

சொட்... சொட்...

முப்பதாவது சொட்டில் கழுத்தில் காற்று பட்டது. ஜன்னல் ஓர் அங்குலம் திறந்திருந்தது. சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

2.25. நாற்பத்தொன்று... கிரீச்...

இப்போது பாதி திறந்திருந்தது. காவலர் டெட்டேயின் வேலை என்று நினைத்தேன்.

“டெட்டே அண்ணே! என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க!”

எட்டிப் பார்த்தேன். வெளியே ஆளே இல்லை. ஓங்கிச் சாத்தினேன்.

2.40. தலை கனத்தது. ஐம்பது... ஐம்பத்தொன்று...

காதருகே மூச்சு.

“போதும். எந்திரி.”

பெண் குரல். கோபமான குரல்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்திரண்டு...

டமார்!

ஜன்னல் விரியத் திறந்தது. வெயில் என் கையில் விழுந்தது.

நகங்கள்... நீலம்.

அறையை விட்டு ஓடினேன்.

நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் கால் மணி நேரம் அங்கே இருந்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பாய் என்றார் மருத்துவர்.

திங்கட்கிழமை அங்கோமாவின் மேஜைமுன் நின்று கத்தினேன். “ஜன்னல் தொறந்துச்சா? புளுகாத!” என்று சிரித்தார். வாசலில் நின்ற டெட்டே சிரிக்கவில்லை. என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

ஜன்னல் சட்டத்தில் எட்டு ஆணிகள். அவற்றின் மேல் பழைய பெயின்ட். ஒரு கீறல்கூட இல்லை.

“மூணு வருஷமா இது தொறக்கலம்மா. அப்ப இந்த வேலையில இருந்த ஃப்ரேமா, மூச்சு முட்டுதுன்னு தொறந்து தொறந்து வைப்பா. எண்ணிக்கை கெடுதுன்னு அங்கோமாதான் ஆணி அடிக்கச் சொன்னாரு.”

“ஃப்ரேமா இப்ப எங்க?”

டெட்டே தொப்பியைக் கழற்றினார்.

“காலையில ஆணி அடிச்சோம். சாயங்காலம் அவளத் தூக்குனோம். சட்டத்துல இருந்த கீறல மறைக்கத்தான் அப்புறம் பெயின்ட் அடிச்சாங்க. கதவு வரைக்கும் நடக்கத் தெம்பில்ல போல, இந்த ஜன்னலுக்குக் கீழதான் கெடந்தா... பத்து வெரல்லயும் நகம் இல்ல.”