ஆறாவது விரல்

என் மகள் ஷிஃபாவுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. பாகூர் பக்கம் சைகை மொழி சொல்லித்தர ஆள் கிடைக்காததால், செல்போனில் வந்த வீடியோக்களைப் பார்த்து நானே கற்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வீடியோவில் சைகை காட்டிய பெண்ணின் கையில் ஆறு விரல் தெரிந்தது. படம் தெளிவாக இல்லை என்று விட்டுவிட்டேன்.

நான்கு மாதத்தில் நாங்கள் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டோம். பிறகு அவளைப் புதுச்சேரியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தேன். முதல் நாளே சைகையில் தண்ணீர் கேட்டாள். டீச்சருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகளிடம் கேட்டாள், அவர்களுக்கும் புரியவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத எங்கம்மா கத்துக்கினீங்க?" என்றார் டீச்சர். செல்போனைக் காட்டினேன்.

"இது ஏஐ வீடியோம்மா. இதுல ஆளே கெடையாது. கை சும்மா ஆடுது, அவ்ளோதான்."

யாருக்குமே தெரியாத ஒரு பாஷையை என் பிள்ளைக்கு நான்கு மாதம் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது, காது கேளாத ஓர் அக்கா தானே நடத்தும் இணையதளத்தில் சந்தா கட்டிப் படிக்கிறோம். நாங்கள் செய்வதைப் படமெடுத்து அனுப்பினால் திருத்தி அனுப்புகிறார். எந்த வீடியோவானாலும், அதை எடுத்தவரிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியுமா என்று பார்த்த பிறகே ஷிஃபாவுக்குக் காட்டுகிறேன்.

மற்றதையெல்லாம் அவள் மாற்றிக்கொண்டாள். 'அம்மா'வுக்கான அந்தப் பழைய சைகையை மட்டும் மாற்ற மறுக்கிறாள். அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது இன்றும் வேறு யாருக்கும் புரியாது.