வேங்கைப் பலகை வில்

தேயிலை விலை படுத்துப்போனதற்கு நன்றி சொல்கிற ஆள் நீலகிரியில் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். குன்னூரைச் சுற்றி ஒவ்வொரு ஃபேக்டரியாகப் பூட்டிக்கொண்டிருந்த காலம் அது. சொந்தத் தோட்டக்காரர்கள் பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் ஓடையில் கொட்டினார்கள். அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியையும் பூட்டினார்கள். அதனால்தான் எனக்கு ஒரு வில் கிடைத்தது. வில்லோடு சேர்த்து, பகல் முழுக்க வீட்டிலேயே இருக்கும் ஒரு அப்பாவும் கிடைத்தார்.

வில் ஆசை வந்தது விஜயதசமியன்று. எங்கள் எஸ்டேட் கோயிலில் அன்றைக்கு சாமி சார்பாகப் பூசாரி வாழைமரத்தில் அம்பு போடுவார். மேலே எங்கள் குளிரில் வாழை சரியாக வராது என்பதால் மேட்டுப்பாளையத்திலிருந்து மரத்தை வாங்கி வருவார்கள். பூசாரியின் மூங்கில் வில்லிலிருந்து கிளம்பிய அம்பு வாழைமரத்தைத் தாண்டி யாரோ ஒருவரின் குடையில் போய் விழுந்தது. என்னிடம் ஒரு வில் இருந்தால் இப்படியா விடுவேன் என்று எனக்கு ரோஷம் பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் வில் வேண்டும் என்று அழத் தொடங்கினேன்.

ஃபேக்டரியில் உடைத்துப் போட்ட பழைய மேசையிலிருந்து ஒரு பலகையை அப்பா தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்திருந்தார். அதை வேங்கை என்றார் அப்பா, விறகு என்றாள் அம்மா. மழைக்காலம் முடிவதற்குள் அது அடுப்புக்குப் போயிருக்கும். என் அழுகைதான் அதைக் காப்பாற்றியது.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வாடிய கொழுந்தின் காம்பை எடுத்து விரலில் வளைத்துப் பார்ப்பார். பட்டென்று ஒடிந்தால் இன்னும் நேரமாகும். ஒடியாமல் வளைந்து கொடுத்தால்தான் கீழே அரைக்க அனுப்புவார். வாழ்நாளெல்லாம் காத்திருப்பதையே வேலையாகச் செய்த மனிதரிடம் போய் நான் அவசரமாக ஒரு வில் கேட்டிருந்தேன்.

முதலில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும் இடத்தில்தான் வில் எடுக்க வேண்டுமாம். பார்க்கவே ஒரு நாள் போயிற்று. பிறகு அறுத்து, நடுவில் பிடிக்கு மட்டும் கனம் விட்டு, இரண்டு பக்கமும் முனையை நோக்கி மெலிய இழைத்தார். இழைப்புளியின் வேலை முடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். சுருள் சுருளாக விழுந்த சிவப்புச் சீவல்களை நான் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நைலான் கயிற்றைக் கட்டியதும் முடிந்தது என்று குதித்தேன்.

"அவசரப்படாத கண்ணு. இன்னிக்கே முழுசா இழுத்தா ஒடஞ்சு போயிரும். மரத்துக்கு வளையறதப் பழக்கோணும்" என்றார் அப்பா.

பழக்கினார். இன்றைக்கு ஒரு சாண் இழுப்பார், நாளைக்கு அதற்குமேல் ஒரு விரல்கடை. எந்தப் பக்கம் வளையாமல் முறைக்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் சுரண்டுவார். அப்படியே வலது பக்கம் இளகியதும் இடது பக்கம் விறைப்பாகத் தெரியும். இடதைச் சரிசெய்தால் வலது.

இதற்கிடையே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சித்தப்பா அப்பாவுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். எப்போது வருகிறாய் என்று பக்கத்துக் கடை ஃபோனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புள்ளைக்கு வில் செய்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா பதில் சொல்லுவார். அதைக் கேட்டு சித்தப்பா என்ன நினைத்தாரோ, கடைக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் கேத்தியில் கேரட் கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரும்போது கைகள் விறைத்து, விரல்கள் மடங்காமல் இருக்கும். முறிந்த கேரட்டுகளை மடியிலிருந்து கொட்டிவிட்டு அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"ஏனுங்க, பொட்டப்புள்ளைக்கு வில்லு செஞ்சு எந்தச் சண்டைக்கு அனுப்பப் போறீங்க? போறதுக்கு மனசில்லாம இதச் சாக்கு வெச்சு இழுத்துட்டு இருக்கறீங்க. அரிசி டப்பாவ ஒருநா எட்டிப் பாருங்க."

"இந்தப் பக்கம் இன்னும் வெறப்பா இருக்குது புள்ள" என்பார் அப்பா, வில்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா அநியாயமாகத் திட்டுகிறாள் என்றுதான் எனக்கு இருந்தது. என் கண்ணுக்கு அப்பா மும்முரமாக உழைத்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு ஓடி வருவேன். வாசலில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருப்பார். தேநீர் போட்டுக் கொடுப்பார். கேரட்டைச் சீவித் தருவார். ஃபேக்டரி ஓடிய வருடங்களில் நான் தூங்கும்போது போய், தூங்கும்போது திரும்பி வந்தவர் அவர். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அந்த ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மாதத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். பிறகு எனக்கு வந்த நல்ல காலம் எதையும் அதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. அப்பா வில்லை என் கை நீளத்துக்கு முழுசாக இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்து கொடுத்தது. விட்டார், நிமிர்ந்தது. மறுபடி இழுத்தார். சுரண்ட எங்கேயும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னார்.

"ஆச்சு புள்ள. நாளைக்குக் காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."

அம்மா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து வில்லை வாங்கினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் வெறப்பா இருக்கறாப்பல இல்லீங்களா? ரெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டுத்தான் போங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ அம்மா, அதெல்லாம் சரியா இருக்குது, பாருங்க!" என்று வில்லைப் பிடுங்கினேன். எதிரே சில்வர் ஓக் மரத்தில் புல் அடைத்த சாக்கு ஒன்று தொங்கியது. அப்பா சீவித் தந்திருந்த மூங்கில் அம்பைப் பூட்டி இழுத்து விட்டேன். சாக்கின் நடுவில் போய்க் குத்தி நின்றது. அப்பா கைதட்டினார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டாவது அம்பைப் பார்க்கக் கூப்பிட்டும் வரவில்லை.

பாவம், வில்லைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.