குடிலிலிருந்து கழற்றிய மன்றாட்டு

என் மகளிடம் உண்மையைச் சொல்வதா, வேண்டாமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், நத்தார் எனும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகப் பிள்ளைகள் மன்றாட்டுகளைச் சீட்டுகளில் எழுதிப் பாலன் இயேசுவின் குடிலில் கட்டியிருந்தார்கள். குடில் சோடிக்கப் போன நான் அவளுடையதை வாசித்தேன். "பாலனே, கணக்குச் சொல்லித்தரேக்க அம்மா எனக்கு அடிக்கக் கூடாது." மற்றத் தாய்மார் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் ஒளித்தேன்.

மறுநாள் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, என்ர மன்றாட்டைப் பாலன் எடுத்திட்டார்! மற்றவையின்ர எல்லாம் அப்பிடியே கிடக்கு!"

"என்னம்மா கேட்டனீங்கள்?"

"சொல்லமாட்டன். நீங்கள் அழுவீங்கள்."

அதன்பின் நான் அவளுக்குக் கை ஓங்கவில்லை. அவளோ தினமும் முழந்தாளிட்டுப் பாலனுக்கு நன்றி சொல்கிறாள். பக்கத்தில் முழந்தாளிடும் எனக்குச் செபம் வருவதில்லை. பிள்ளை வளர்த்தவர்களே, நான் என்ன செய்யட்டும்? எழுதுங்கள்.