சந்தேக மேடமும் ஈரப் பாராசூட்டும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஊசியைப் பிடித்தே முன்னுக்கு வந்து, ராணுவப் பாராசூட் கூடத்தில் தையல் பிரிவுக்குத் தலைவனானவன். ஆளைப் பார்த்ததும் எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கூடத்தின் முதல் பெண் தலைவராக ஒரு கர்னல் வந்தபோது, எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை.

லாரி டிரைவரின் மகள். பட்டாளத்தில் சேர்ந்ததற்காக அப்பா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எல்லைக் குளிரில் கிடந்து, படிப்படியாக ஏறியவர். அடுத்தது பிரிகேடியர் பதவி. எங்கள் படைப்பிரிவில் எந்தப் பெண்ணும் அதைத் தொட்டதில்லை.

அவர் யாரையும் நம்பமாட்டார். மடித்த பாராசூட் பைகளைத் தட்டுவார், முகர்வார். பையன்கள் வைத்த பெயர் சந்தேக மேடம்.

மந்திரி பார்வையிட வரும் பயிற்சி நாள். முந்தைய இரவு நல்ல மழை. மடிப்பு மேசையைத் தடவிய மேடம், கையில் ஈரம் படவே நிமிர்ந்தார்.

“ஜன்னலைத் திறந்து வெச்சா மடிச்சீங்க?”

“இல்லவே இல்ல மேடம், எல்லாம் பக்கா” என்றார் மடிப்பை மேற்பார்வை பார்த்த மேஜர்.

ஒருவர் தான் சரியென்று சொன்ன பாராசூட்டை மாட்டிக்கொண்டு குதிக்கச் சொன்னால் குதித்தாக வேண்டும். அது எங்கள் கூடத்து வழக்கம்.

“அப்ப ஒண்ணை மாட்டிக்கிட்டு முதல்ல நீங்க குதிங்க.”

“எனக்கு... முதுகு வலி மேடம்.”

“நேத்து பந்தாடுனப்ப வலிக்கல போல” என்று பின்னால் ஒரு குரல்.

“எல்லாத்தையும் பிரிங்க!” என்றார் மேடம்.

சற்று நேரத்தில், மைதானத்தில் மந்திரியோடு நின்ற ஜெனரலிடமிருந்து தொலைபேசி. பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

“மந்திரி வெயில்ல நிக்கிறாரும்மா. உன் பதவி உயர்வு என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்க.”

“குதிக்கிறவங்க அந்தரத்துல இருப்பாங்க சார்” என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

பேர் வாங்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். பிரித்த ஒன்றில் கைவிட்டேன். மடிப்போடு மடிப்பு ஒட்டிக் கிடந்தது. ஈரத்துணி விரியத் தாமதிக்கும்; தரையைத் தொட்டபின் விரிந்து என்ன பயன்?

காயவைத்து மறுபடி மடித்தோம். மந்திரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மேடம்தான் முதலில் குதித்தார்; பின்னால் குதித்த அத்தனை பேரும் நடந்தே திரும்பினார்கள்.

அந்த முறை பதவி வேறொருவருக்குப் போனது. மேஜர் எங்கோ போய் வத்தி வைத்திருப்பார் என்பது என் எண்ணம். அடுத்த முறை மறுக்க வழியில்லாமல் கொடுத்தார்கள். பிரிகேடியரின் தோளில் பட்டையை மாட்டிவிட்ட ஜெனரல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மேடத்தைப் போலவே உற்றுப் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.